இடிவேந்தனின் இடது விலா

சடையாண்டி அதுவரை நாலாயிரம் பேரைக் கொன்றிருந்தார். எல்லாம் புத்தகத்தில்தான்.

புத்தகம் என்றால் கண்ணால் படிக்கிற பழைய சமாசாரம் இல்லை, உடலேடு. நரம்புத்தொப்பியை மாட்டிக்கொண்டு படுத்தால் கதைசொல்லியின் உடம்பு நம் உடம்பாகிவிடும். அவன் வெட்டினால் நம் கை வெட்டும். அவனுக்கு வலித்தால் நமக்கும் வலிக்கும். 'இடிவேந்தன்' முதல் பாகத்தைச் சொல்பவன் இடிவேந்தனே. அவனை ஒருவரும் தொட்டதில்லை என்பதால் படித்தவர் எவருக்கும் ஒரு கீறல்கூட வலித்ததில்லை. உருண்ட தலைகளுக்கு வலித்ததா என்று கேட்கிற வழக்கம் வாசகர்களிடம் கிடையாது.

விருதுநகர் இடிவேந்தன் ரசிகர் மன்றத்துக்குச் சடையாண்டி தலைவர். முதல் பாகத்தை எத்தனை தடவை படித்தாரோ, சோறு பிசையும்போதுகூடக் கை வாள் பிடிக்கிற மாதிரிதான் மடங்கும். இரண்டாம் பாகம் வெளியான அன்று உடலேடு படிக்கும் கொட்டகை வாசலில் மன்னனின் கட்டவுட்டுக்குப் பாலூற்றிவிட்டு, உள்ளே போய் முதல் வரிசை முதல் கட்டிலில் படுத்தார். பக்கத்துக் கட்டிலில் மன்றச் செயலாளர் கிளமெண்ட்.

"அண்ணே, வாளை எடுத்ததும் ஒரு குரல் கொடுங்க."

"எடுக்கிறதென்னடா, கையிலதான் இருக்கும்."

தொப்பி இறங்கியது. கையில் இருந்தது துருப்பிடித்த ஈட்டி. காலில் செருப்பில்லை. வயிறு பசித்தது. இந்தப் பாகத்தைச் சொல்பவன் பகைநாட்டுக் காலாட்படையில் ஒருவன், பெயர் சாத்தன்.

புழுதிக்குள்ளிருந்து இடிவேந்தன் வந்தான். வெளியே நின்று பார்த்தால் அவன் அவ்வளவு பெரிய ஆள் என்று சடையாண்டிக்கு அன்றுதான் தெரிந்தது. ஒரே வீச்சில் சாத்தனின் அண்ணன் தலை போனது. தெறித்த ரத்தம் வாயில் உப்புக் கரித்தது. அடுத்த வீச்சு சாத்தனின் காதைச் சீவியது.

"தலைவா, நான் நம்ம மன்றத்து ஆளு" என்று சொல்லிப் பார்த்தார். சாத்தனின் வாயில் அது அலறலாகத்தான் வந்தது.

உடலேட்டில் ஒரு விதி உண்டு. கதைசொல்லி முடிவெடுக்கும் இடத்தில் முடிவு வாசகருடையது. முதல் நாள் வாசகர்களில் பெரும்பான்மை என்ன செய்கிறதோ, அதுவே கதையாக நிலைத்துவிடும். மன்னன் வாளைத் தலைக்கு மேல் ஓங்கினான். ஓங்கினால் அவனுடைய இடது விலா திறக்கும். கதைக்குள் யாருக்கும் அது தெரியாது. அந்த வாளைத் தாங்களே ஓங்கி ஓங்கிப் பழகியவர்களுக்குத் தெரியும்.

ஈட்டி உள்ளே போனது. சடையாண்டி அதைத் திருகி எடுத்து இன்னொரு முறையும் குத்தினார். இரண்டாவது குத்து அவசியமில்லைதான்.

தொப்பியைக் கழற்றி எழுந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"நான் கழுத்தை நீட்டிட்டேம்ப்பா" என்றார் சடையாண்டி. "தலைவர் கையால சாகக் கொடுத்து வெச்சிருக்கணும்."

"நானுந்தாண்ணே" என்றான் கிளமெண்ட். கொட்டகை முழுக்க அதையே சொன்னது.

அப்படியானால் மன்னனைக் கொன்றது எழுத்தாளர்தான். கட்டில்களின் இரும்புக் கால்களைப் பிடுங்கிக்கொண்டு, வெளியீட்டுக்கு வந்திருந்த எழுத்தாளர் தெய்வானையை மேடையில் வளைத்தார்கள். குறுக்கே நின்ற காவலாளியின் பல் வரிசையாக உதிர்ந்தது.

"எங்க ராஜாவை ஏம்மா கொன்னீங்க?"

"நான் எழுதினதுல அவர் பேரன் பேத்தி எடுக்கிறார்" என்றார் தெய்வானை. "எல்லாக் கொட்டகையிலயும் எல்லாரும் குத்தியிருக்கீங்க. முதல் குத்து எங்கேன்னுகூட எந்திரம் காட்டுது, பாருங்க."

மேடைத் திரையில் இருந்தது: விருதுநகர், முதல் வரிசை, முதல் கட்டில்.

கூட்டத்துக்குப் பெரிய நிம்மதி. எல்லோரும் செய்தது ஒருவர் செய்ததாகிவிட்டது.

"அண்ணே" என்றான் கிளமெண்ட், மரியாதை குறையாமல். "நீங்களா?"

வளையம் எழுத்தாளரை விட்டுவிட்டு மன்றத் தலைவரைச் சுற்றி இறுகியது. சடையாண்டி தற்காப்புக்காக இரும்புக் காலைத் தலைக்கு மேல் ஓங்கினார். அவருக்கு ஓங்கத் தெரிந்தது அந்த ஒரு விதம்தான்.

அங்கிருந்த அத்தனை பேர் கண்ணும் அவருடைய இடது விலாவுக்குப் போயிற்று.