குழாய்களின் விடுவிப்பு

கனகலட்சுமி பேசும்போது மட்டும் மீட்டரின் சத்தம் நின்றது.

முதலில் அவள் கவனிக்கவில்லை. ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த இரும்புக் கிட்டங்கியில், தாது மணல் ஆலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த முந்நூறு குழாய்களின் கதிர்வீச்சையும் காலையிலிருந்து ஒற்றையாளாக அளந்துகொண்டிருந்தாள். வரம்புக்குக் கீழே இருந்தால் கையெழுத்துப் போடுவாள். அதன்பிறகு அது வெறும் இரும்பு, யாரும் வாங்கி ஜன்னல் கம்பியாகக்கூட அடித்துக்கொள்ளலாம். இதுவரை எல்லாமே கீழேதான் இருந்தன.

எட்டு மாதத்துக்கு முன் கணவர் இறந்த பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. அளக்கும் குழாயின் எண்ணை வாய்விட்டுச் சொல்வது பழக்கமாகிவிட்டது. மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கிற சொற்பக் கதிர்வீச்சுக்கே மீட்டர் டிக், டிக் என்று ஓயாமல் அடிக்கும். யாருக்காகவும் அது நிற்காது.

"இருநூத்தி எண்பது," என்றாள். நின்றது.

வாயை மூடினாள். தொடர்ந்தது.

காவலாளி பால்பாண்டி வாசலில் தலையை நீட்டினார். "அம்மா, ஆறு மணி வத்திராயிருப்பு பஸ்ஸைப் புடிக்கணும். நீங்க பூட்டிட்டுப் போயிருவியளா?"

போகாதீர்கள் என்று சொல்ல நினைத்தாள். என்ன காரணம் சொல்வது?

"போங்கண்ணே. நான் பூட்டிக்கிடுதேன்."

"செத்த நேரத்துல முடிச்சிருங்க. உள்ள லைட்டு எரியாது."

அவருடைய செருப்புச் சத்தம் லாரிகளின் இரைச்சலில் கரைந்தது. வெயில் இறங்க இறங்கத் தகரக் கூரை ஒவ்வொரு தகடாகச் சடசடத்தது. துருவும் ஈரச் சாக்கும் கலந்த வாடைக்கு நடுவே, குழாய்களிலிருந்து யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு வெதுவெதுப்பு வந்து அவள் புறங்கையில் பட்டது.

"யாரு?"

மீட்டர் நின்றது. பிறகு இரண்டு டிக்.

"நான் பேசுறது கேக்குதா?"

இரண்டு டிக்.

ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. எட்டு மாதமாக அவள் கேட்டதற்கு எந்தச் சுவரும் பதில் சொன்னதில்லை. குனிந்து, குழாயின் வாயருகே தன் பெயரைச் சொன்னாள்.

டிக்டிக்டிக்டிக்.

அந்த அவசரம்தான் அவளைப் பயமுறுத்தியது. மீட்டரை அணைத்தாள்.

டிக். டிக்.

பேட்டரியைக் கழற்றினாள்.

டிக். டிக்.

சத்தம் மீட்டரில் இல்லை. இரும்புக்குள். நகத்தால் தட்டுவதுபோல. பக்கத்துக் குழாயில். அதற்கடுத்ததில். முந்நூறிலும்.

வாசல் பத்தடிதான். நடந்தாள். சேலை பின்னால் இழுத்தது. எங்கோ மாட்டியிருக்கும். திரும்பினாள்.

ஓர் அங்குலக் குழாய். குழந்தையின் கைகூட நுழையாது. அதன் வாயிலிருந்து, மூட்டே இல்லாத ஐந்து வெள்ளை விரல்கள் நீண்டு, அவள் முந்தானையை அவசரமில்லாமல், மடிப்பு மடிப்பாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன.