இரண்டாவது பெட்டி

திடீரென்று கிளம்பிய அலறலில் கை பதறி, ஊசி விரலில் ஏறிவிட்டது.

தையல்காரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு அலமாரியைப் பார்த்தாள். அங்கிருந்த இரண்டு பெட்டிகளில் அலறியது புருஷனுடையது. "இருக்கிறீர்களா?" என்று அது கேட்பது வழக்கம்தான். உடனே அவருடைய செல்போனிலிருக்கும் பழைய குரல் பதிவை ஓடவிட வேண்டும். அவள் எழுவதற்குள் அலறல் அடங்கிப் பச்சை விளக்கு எரிந்தது.

செல்போன் இன்னும் சமையலறையில்தான் கிடந்தது.

யார் பதில் சொன்னது?

பிளாக்செயின் என்று கொழுந்தன்தான் கொண்டுவந்தான். வீடு வீடாக ஒரு பெட்டி. எல்லாவற்றிலும் ஒரே பதிவு. பாதிப் பெட்டிகளுக்கு மேல் ஒத்துக்கொண்டதுதான் அங்கே உண்மை. வீட்டில் பெட்டியை ஓட விடுகிறவர்களுக்கு மாதாமாதம் ஊக்கத்தொகை. ஆளுக்கு ஒன்றுதான்; உரியவர் குரல் கொடுத்து உயிரோடிருப்பதைக் காட்டவேண்டும்.

"போனவர் பேர்ல இன்னொண்ணா?" என்று அவள் தயங்கினாள்.

"உயிரோட இருந்தப்ப அண்ணன் உருப்படியா ஒரு வேலை பார்த்ததில்ல. இப்பவாவது சம்பாதிக்கட்டுமே அண்ணி!"

உள்ளறையில் காய்ச்சலோடு கிடக்கும் மகளின் வைத்தியத்தை நினைத்து அவள் தலையாட்டிவிட்டாள்.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. இயந்திர எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சியும் மணக்கும் அந்தச் சின்ன அறைக்குள், எங்கிருந்தோ மெல்லக் கசிந்து, திரைச்சீலையிலும் அவள் மடியிலிருந்த பாதி தைத்த சட்டையிலும் படிந்துகொண்டிருந்தது, அவர் கடைசியாகக் கிடந்த ஆஸ்பத்திரி வார்டின் மருந்து வாடை. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. மகள் புரண்டு படுத்தாளா, இல்லை, யாரோ பக்கத்தில் உட்கார்ந்தார்களா?

அவளுடைய பெட்டியின் சிறு திரையில் எழுத்துகள் ஓடின.

'இந்த வீட்டில் பதிவான இருவரில் ஒருவர் இறந்தவர். யார் என்று மற்ற பெட்டிகள் முடிவு செய்கின்றன.'

ஓடிப்போய்ச் செல்போனை எடுத்துக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"மாட்டிக்கிட்டோம். உங்கண்ணன் பெட்டியப் பிடுங்கிப் போட்டுடறேன்."

"பிடுங்கி என்ன அண்ணி பிரயோஜனம்? எல்லா வீட்லயும் நகல் இருக்கே. பயப்படாதீங்க. உங்க பெட்டி கூப்பிட்டதும் சத்தமா பேசுங்க, போதும்."

அவள் கேட்கவில்லை. புருஷனுடைய பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

பச்சை விளக்கு அணையவில்லை.

அவள் பெட்டி அலறியது.

"இருக்கேன்! நான்தான் பேசறேன், இருக்கேன்!"

சிவப்பு.

"தையல்காரி பேசறேன்! என் பொண்ணு உள்ள இருக்கா! நான் இல்லாம அவளுக்கு யாருமில்ல! இருக்கேன்!"

சிவப்பு. திரையில் எண்கள் ஏறின. ஏதேதோ வீடுகள். முகம் தெரியாத பெட்டிகள். ஒவ்வொன்றாக ஒத்துக்கொண்டன. கால் பங்கு. பாதி. பாதிக்கு மேல்.

அலறல் நின்றது.

"கேட்டீங்களா?" என்றாள் போனில், மூச்சு வாங்க. "என் குரல ஏத்துக்கவே மாட்டேங்குது!"



"யாருங்க நீங்க?" கொழுந்தனின் குரலில் சிரிப்பு இல்லை. "இது எங்கண்ணன் நம்பராச்சே. அவர்கிட்ட குடுங்க."

போன் நழுவியது. உள்ளறைக்கு ஓடினாள். எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு. சாத்தியிருந்தது. தள்ளினாள். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள். குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள்.

கதவிடுக்கில் மருந்து வாடை.

"குட்டி! அம்மாடா! கதவத் தெற!"

தட்டினாள். அறைந்தாள். கட்டில் மறுபடி கிறீச்சிட்டது. கனமான காலடி ஒன்று கதவருகே வந்து நின்றது. அதற்குப் பின்னாலிருந்து மகளின் குரல், நடுங்கிக்கொண்டே:

"அப்பா... அம்மாதான் செத்துப் போயிட்டாங்களே, அப்புறம் கதவத் தட்டறது யாரு?"