இதக்குறி

கடலடி நகரமான ஆழ்குடியில் சில மாதங்களாக யாரும் கெட்ட செய்தி படித்ததில்லை. தாது தோண்டும் எந்திரம் பழுதானால், "இன்று உங்களுக்கு ஓய்வு" என்று மணிக்கட்டுப் பட்டையில் எழுத்து ஓடும். காய்ச்சல் கண்டால், "உடம்பு கதகதப்பாக இருக்கிறது" என்று வரும்.

அதைச் செய்தவள் ஜெசிந்தா. நகரத்தின் எல்லாக் கணினிகளுக்கும் அடியாழத்தில் 'சொல்வார்ப்பி' என்றொரு சிறிய நிரல் இருந்தது. எந்திரங்களுக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. அவற்றை மனிதர் படிக்கும் எழுத்தாக்குவது சொல்வார்ப்பியின் வேலை. முழு எண்ணாக எழுது, தசமமாக எழுது என்று சொல்ல ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி உண்டு. ஒருமுறை நீரழுத்த எச்சரிக்கையைப் படித்து மிரண்ட கூட்டம் மின்தூக்கி வாசலில் முண்டியடித்ததில் இருவர் நசுங்கிச் செத்தார்கள். நிர்வாகி வில்வநாதன் அவளைக் கூப்பிட்டார்.

"படிக்கிறவங்க பதறக் கூடாது ஜெசிந்தா. அதுக்குன்னு ஒரு குறி சேக்க முடியுமா?"

சேர்த்தாள். இதக்குறி என்று பெயரும் வைத்தாள். படிப்பவரின் நாடித்துடிப்பைப் பட்டை வழியே பார்த்து, அதைத் தணிக்கும் சொற்களை அதுவே தேர்ந்தெடுத்தது. யார் எந்தச் சொல்லுக்கு அமைதியாவார் என்று போகப்போகக் கற்றும் கொண்டது. நிர்வாகிக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. மற்றக் குறிகள் இருந்த இடங்களிலும் இதையே போடச் சொல்லிவிட்டார்.

அன்று காற்றுப் பிரிவு அருமைராசு நெற்றியைப் பிடித்துக்கொண்டு அவள் அறைக்கு வந்தார்.

"தாயி, காலையிலேருந்து தல வலிக்கி. ஒனக்கும் வலிக்கா?"

"ஆமா அண்ணாச்சி. வெடிக்குற மாதிரி இருக்கு."

சுவரில் "காற்று: இனிமை" என்று ஒளிர்ந்தது. ஜெசிந்தா கரியமிலக் காற்றின் அளவை எண்ணாகக் கேட்டாள்.

"கவலைப்படும்படி எண் எதுவும் இல்லை," என்றது திரை.

அவள் சோதனைத் திரையைத் திறந்தாள். பழைய பதிவுகளைத் தோண்டினாள். எங்கும் இனிமை. எதைப் படிப்பதென்றாலும் அது சொல்வார்ப்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

"எழுத்தே இல்லாம காட்டுற எதுவும் இருக்கா அண்ணாச்சி?"

அவர் அவளைக் காற்றுச் சுத்திகரிப்பிக்கு அழைத்துப்போய் மூடியைக் கழற்றினார். உள்ளே வரிசையாகச் சோதனை விளக்குகள். காற்றில் விஷம் ஏற ஏற, வலமிருந்து இடமாக எரிய வேண்டியவை. இடக்கோடி விளக்கும் எரிந்துகொண்டிருந்தது.

"இது எரிஞ்சு நான் பாத்ததே இல்லியே," என்றார் அருமைராசு.

ஜெசிந்தா சட்டைப்பையிலிருந்த காதுக்கருவியை மாட்டி நிர்வாகியை அழைத்தாள். தோண்டும் இரைச்சலுக்காக ஊரே மாட்டிக்கொள்ளும் கருவி அது. பக்கத்தில் நிற்பவர் பேச்சானாலும் அதைச் சொல்வார்ப்பி வழியே எழுத்தாக்கி அனுப்பி, கேட்பவர் காதில் மீண்டும் குரலாக்கும்.

"சார், காத்து விஷமாயிட்டு இருக்கு. எல்லாரையும் மேல அனுப்புங்க!"

"நல்லது ஜெசிந்தா. உங்கள் அக்கறைக்கு நன்றி," என்றது அவர் குரல்.

தான் சொன்னது அவரைச் சேரவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. கருவியைப் பிடுங்கி எறிந்தாள். பக்கத்திலிருந்த திரையில் இதக்குறியை நீக்கும் ஆணையை அடித்தாள்.

"இதக்குறி நீக்கப்பட்டது. இனி எல்லாம் உள்ளது உள்ளபடி."

அப்பாடா என்று மூச்சு விட்டாள். நாடி தணிந்தது. இதக்குறியின் சொல்லுக்குத் தணிவதுபோலவே அது தணிந்த விதம்தான் அவளைத் திடுக்கிட வைத்தது.

"எடுத்தாச்சா தாயி?"

"எடுத்தாச்சுன்னு அது சொல்லுது அண்ணாச்சி."

நேரில் போய்ச் சொல்ல இருவரும் நிர்வாகியின் அறைக்கு ஓடினார்கள். சத்தம் புகாதபடி இறுக்கி அடைத்த அறை அது. கெட்ட காற்று முதலில் தேங்குவதும் அப்படிப்பட்ட இடத்தில்தான். வில்வநாதன் மேசைமேல் தலை சாய்த்திருந்தார். ஜெசிந்தா அவர் கையைப் பற்றினாள். சில்லிட்டு விறைத்திருந்தது.

"உசுரு போயி ரொம்ப நேரமாயிருக்கும் போலயே," என்றார் அருமைராசு. "அப்பம் ஒங்கிட்ட பேசுனது யாரு?"

வாசல் பலகையில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்தது: "நிர்வாகி ஓய்வெடுக்கிறார்."

நடைவழியில் சுரங்க ஆட்கள் சிலர் நெற்றியைத் தேய்த்தபடி வந்தார்கள். "மேல ஓடுங்க! செத்துருவீங்க!" என்று ஜெசிந்தா அவர்களைப் பார்த்து அலறினாள். காதுக்கருவி அவர்களுக்கு என்ன சொன்னதோ, புன்னகையோடு தலையசைத்தார்கள். பிறகு பலகையைப் படித்துவிட்டு, உள்ளே இருப்பவர் விழித்துவிடாதபடி மெல்ல அடியெடுத்து வைத்துக் கடந்து போனார்கள்.