ஜன்னல் பக்கத்து மூச்சு

மாலை 4.06. லோதி ரோடு அலுவலகத்தில் நரேனின் போன் அலறியது. அப்பாவுக்குச் சுவாசம் இல்லை.

4.35. அவன் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்கு ஓடி வந்தபோது அப்பா கல்யாணராமன் கட்டிலில் சில்லிட்டுக் கிடந்தார். உயிர் போய் இரண்டு மணி நேரமாவது இருக்கும் என்றார் டாக்டர்.

அங்கேதான் இடித்தது. படுக்கையறையில் ஜன்னலோரச் சுவரில் அல்ட்ரா வைட்பேண்ட் ரேடார் பெட்டி இருந்தது. உடம்பைத் தொடாமலே, ரேடியோ அலையால் நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் சாமான். மூச்சு நின்றால் ஒரே நிமிஷத்தில் போன் அலற வேண்டும். இரண்டு மணிக்கே போனவர் நாலு மணிவரை மூச்சு விட்டாராம்! என்ன கூத்து இது?

"சுஷ்மாதான் பெட்டியை ஏதோ பண்ணியிருக்கா. ஒரு மணியிலேருந்து ஆளே இல்லை" என்றான் நரேன். அவன் கூப்பிட்ட போலீஸ் வாசலில் நின்றது.

"மாஜிதான் போகச் சொன்னாங்க, பையா" என்று நரேனின் அம்மா சாவித்திரியைக் காட்டி அழுதாள் சுஷ்மா, பகல்நேர நர்ஸ்.

"அம்மா, நீ அனுப்பிச்சியா?"

சாவித்திரி தரையைப் பார்த்தாள். "நான் சமையலறையில பீன்ஸ் நறுக்கிண்டிருந்தேன்."

கீழ்வீட்டுக் குழந்தைசாமி முன்னால் வந்தார். விமானப்படையில் ரேடாரோடு மாரடித்து ஓய்வு பெற்றவர். இந்தப் பெட்டியைச் சுவரில் பொருத்தியதே அவர்தான்.

"போனைக் குடுங்க தம்பி."

போனில் இருந்த பதிவைப் பார்த்தார். 1.12 வரை நிமிஷத்துக்கு இருபத்தாறு மூச்சு; பெட்டியிலிருந்து தூரம் ஒன்றே முக்கால் மீட்டர். அதற்குமேல் பதினாலு மூச்சு, தூரம் ஒன்றேகால். 4.05-க்குப் பிறகு ஒன்றுமில்லை.

சமையலறைக்குப் போனார். பீன்ஸ் பை பிரிக்காமலே கிடந்தது. படுக்கையறை ஜன்னல் விளிம்பில் ஒரு மூக்குக்கண்ணாடி, மடித்தபடி. சாவித்திரியுடையது. அது இல்லாமல் அவளுக்குப் பீன்ஸும் தெரியாது, கத்தியும் தெரியாது.

குழந்தைசாமி கட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடவுளே, இதை எப்படிச் சொல்வது?

"தம்பி, மிஷின் கோளாறுன்னு விட்டுப் போடலாமுங்க."

"முடியாது சார். அவ ஜெயிலுக்குப் போகணும்."

போலீஸ்காரர் சுஷ்மாவைப் படிக்கட்டுப் பக்கம் கூப்பிட்டார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். இனி வாயை மூடியிருந்தால் பாவம்.

"நில்லுங்க!" என்றார் குழந்தைசாமி. "யாரும் பெட்டியைத் தொடலீங்க. சீக்காளிக்கு இருபத்தாறு மூச்சு எப்படி ஒரே நொடியில பதினாலாகும்? கட்டில்ல படுத்திருக்கிற ஆளு அரை மீட்டர் எப்படிக் கிட்ட வருவாரு? நீங்க தூரத்தைப் பார்க்கலை. இந்த ரேடாருக்கு மூச்சு யாருதுன்னு தெரியாது. கிட்ட இருக்கிறதைப் புடிச்சுக்கும். ஜன்னல் பக்கம் வேற ஒருத்தர் படுத்திருந்தாங்க."

சாவித்திரி தலை நிமிராமல் சொன்னாள்.

"நான்தான்."

"அம்மா!"

"பக்கத்துல வந்து படுத்துக்கோன்னார். ஆறு மாசமா அந்தக் கட்டில்ல படுக்கலை. பட்டப்பகல்ல, வேத்து மனுஷி வீட்டுல இருக்கச்சே எப்படிப் படுப்பேன்? அதான் சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு வான்னு அவளை அனுப்பிச்சேன். கையைப் புடிச்சிண்டே தூங்கிட்டேன். எழுந்தப்போ கை விலகியிருந்தது; அவர் தூங்கறார்னுதான் நெனச்சேன், சத்தம் போடாம வந்துட்டேன்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எழுபத்தாறு வயசுல இதைப் பிள்ளைகிட்ட எப்படிடா சொல்லுவேன்?"

போலீஸ்காரர் ஒதுங்கி நின்றார். சாவித்திரி எழுந்து போய் சுஷ்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடும்மா. வெக்கத்துக்குப் பயந்து உன்னை மாட்டி விட்டுட்டேன்."

சுஷ்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நரேனால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

சாவித்திரி மெல்லத் திரும்பினாள்.

"குழந்தைசாமி சார், உங்களுக்கு மிஷின் தெரியும். நான் படுக்காம இருந்திருந்தா மணி அடிச்சிருக்கும். அடிச்சிருந்தா பொழைச்சிருப்பாரா?"

டாக்டர் சற்று முன்னால்தான் குழந்தைசாமியின் காதோடு சொல்லியிருந்தார், உடனே தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று.

"இல்லீங்க மாமி" என்றார் குழந்தைசாமி. "பொழைச்சிருக்க மாட்டாருங்க."