காலைப் பொய்

செவ்வாய்க் குடியிருப்பின் ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் காலையில் வந்ததும் முதல் வேலையாக ஒரு பொய் சொல்லியாக வேண்டும். சட்டம் அப்படி. ஒவ்வொருவர் காதுக்குப் பின்னாலும் ஒரு மெய்ச்சில்லு பதித்திருந்தது. பொய் எப்படி இருக்கும் என்று தினமும் அதற்கு ருசி காட்டினால்தானே, அப்புறம் ஆய்வு முடிவில் புளுகினால் கண்டுபிடித்துக் கீச்சிடும்? கற்றதைச் சில்லுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும். ஆராய்ச்சியில் தில்லுமுல்லு இனி தலைகாட்டாது என்று சொல்லி, பூமியிலிருந்து வந்த பெரியவர்கள் இதை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

செங்கமலம் வரிசையில் நின்று கொட்டாவி விட்டாள். தன் முறை வந்ததும், ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்றாள். தினமும் அவள் சொல்லும் பொய் அதுதான்.

அன்று அவள் தன் எலும்பு மருந்தின் முடிவை அவையில் சொல்ல வேண்டும். செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. வளரும் பிள்ளைகளின் எலும்பு வலுவிழந்துவிடும். அதற்காகவே சுழல்கூடம் என்று ஒன்று இருந்தது. பிள்ளைகள் தினமும் அதில் உட்கார்ந்து சுற்றினால் உடம்புக்குக் கனம் கிடைக்கும். ஆனால் அது மின்சாரத்தைக் குடித்துத் தீர்த்தது. மருந்து பலித்தால் கூடத்தை மூடிவிடலாம் என்று நிர்வாகம் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு காத்திருந்தது. மருந்தோ பலிக்கவில்லை. வருஷக்கணக்கான உழைப்பு பாழ். அழக்கூடத் தெம்பில்லை அவளுக்கு. உள்ளதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

மேடையேறி, "மருந்து வேலை செய்யல" என்றாள்.

காதுக்குப் பின்னால் கீச்சென்றது.

அவையில் சிரிப்பு. திரும்பச் சொன்னாள், திரும்பவும் கீச்சென்றது. தலைவர் ஆவுடையப்பன் விதியை வாசித்தார்: சில்லு பொய்யென்று காட்டிய கூற்றுக்கு எதிரானதே மெய். ஆகவே மருந்து வேலை செய்கிறது. வாழ்த்துகள். எலும்புப் படங்களையாவது பாருங்கள் என்று செங்கமலம் கெஞ்சினாள். சில்லு வந்த பிறகு யார் படம் பார்க்கிறார்கள்? எல்லோரும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

பக்கத்து அறை ரெஜினாதான் அவளை ஓரமாக இழுத்துப் போனாள். காற்றுச் சுத்திகரிப்பில் மூன்று பரிசு வாங்கியவள்.

"ஏன்டி, காலைல நீ நெஜமாவே பொய்யா சொல்ற?"

வேறென்ன சொல்வது என்று செங்கமலத்துக்கு விளங்கவில்லை. ரெஜினா தலையில் அடித்துக்கொண்டாள். மற்றவர்களெல்லாம் காலையில் உண்மையைத்தான் சொல்கிறார்களாம். சொந்தப் பெயர், தின்ற இட்லி, ஏதோ ஒன்று. உண்மைதான் பொய் என்று அவர்கள் சில்லுகள் கற்றுக்கொண்டு, பகிர்வில் செங்கமலத்தின் சில்லுக்கும் அதையே புகட்டிவிட்டன. அப்புறம் மேடையில் என்ன அளந்துவிட்டாலும் வாயைத் திறக்காது.

"இத்தனை வருஷமாவா? ஒருத்தர்கூட மாட்டலையா?"

"மாட்டணும்னா மேடையில யாராவது உண்மையச் சொல்லணுமே."

செங்கமலம் அங்கே நிற்கவில்லை. நேராகத் தலைவர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆவுடையப்பன் மறுக்கவில்லை, அவரும் அந்த வரிசையில் நின்று மேலே வந்தவர்தான். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டார். இதைக் கிளறினால் காற்று, தண்ணீர், விதை என்று அத்தனை ஆய்வையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும், யாருக்கம்மா தெம்பிருக்கிறது என்றார். அவளுக்கும்தான் இல்லை. ஆனால் பிள்ளைகளை நினைக்கையில் ஆத்திரமாக வந்தது. பேசிப் பேசி ஓய்ந்து எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்மா." அவர் குரல் தணிந்திருந்தது. "என் பேத்திய சுழல்கூடத்துக்கு அனுப்புறத நிறுத்தலாமா?"

"நிறுத்தாதீங்க சார். அந்தப் புள்ள எலும்பு நொறுங்கிப் போயிடும்."

சில்லு கீச்சிட்டது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"உங்க வார்த்தை போதும்மா" என்றார்.

அவள் எதிரிலேயே மகனைக் கூப்பிட்டு, குழந்தையை அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடு, காரணம் கேட்காதே என்று சொன்னார். பிறகு சுழல்கூடத்தை மூடும் உத்தரவை அருகே இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.