ஆத்தூரில் சொன்ன வாரேன்

தேரிச் சாலையின் முதல் மேட்டில் ரெனிஷுக்கு இரைக்கவில்லை.

ஜெபசுதா அதைக் கவனித்தாள். பத்து வருஷமாகத் தன் பின்னால் சைக்கிள் மிதிக்கிற கணவனின் மூச்சு அவளுக்கு மனப்பாடம். சின்னப் பாலத்து ஏற்றத்துக்கே மனுஷன் அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதுவான். காயாமொழி தாண்டி, தேரியின் செம்மணல் குன்றுகளுக்கு நடுவே சாலை ஏறத் தொடங்கிய இடத்தில் அவள் வழக்கம்போலக் கேட்டாள்.

"வாரியளா?"

"வாரேன்."

சாய்வு நாற்காலியில் கிடந்து சொன்னது போல அத்தனை நிதானமாக வந்தது அந்தச் சொல். பரவாயில்லையே, தேறிவிட்டாரே என்று சிரித்துக்கொண்டே கியரை மாற்றினாள்.

முன்னால் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். தலை திரும்பினால் கைப்பிடியும் திரும்பும், ஒட்டி வருகிறவர் மோதி இரண்டு பேரும் தார் ரோட்டில் உருள வேண்டியதுதான். அதனால் முன்னால் இருப்பவர் கேட்பார், பின்னால் இருப்பவர் பதில் சொல்வார். முன்னால் இருப்பது எப்போதும் சுதாதான். நாசரேத்தில் கணக்கு டீச்சர். வகுப்பானாலும் வீடானாலும் சாலையானாலும் அடுத்தவர் பின்னால் போகிற வழக்கம் அவளிடம் கிடையாது.

அடுத்த வாரம் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டம் இருந்தது. அதற்குத்தான் இந்தப் பயிற்சி. ஏரல் போய், ஆற்றை ஒட்டியே ஆத்தூர், அங்கிருந்து ஆறுமுகநேரி, காயாமொழி, தேரி, மெஞ்ஞானபுரம், வீடு. விடியற்காலையில் கிளம்பும்போதே ரெனிஷ் முனகினான்.

"பாப்பாக்கு உடம்பு சுடுதுலா. இன்னைக்கு வேண்டாம் சுதா."

"தொண்ணூத்தொம்பதுதான் காட்டுது. பக்கத்து வீட்டுப் பேச்சிச்செல்வி அக்கா பாத்துக்கிடுவாவ. பத்து மணிக்குள்ள வந்துரலாம்."

ஆறு வயது ஜெப்ஸி தூக்கத்தில் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் சுதா கையுறை மாட்டினாள். வழியெல்லாம் அது அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சீக்கிரம் முடித்துவிட்டுப் பிள்ளையிடம் போய்விட வேண்டும் என்று மிதியைக் கூட்டினாள்.

ஆடிக் காற்று மேற்கிலிருந்து முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் முந்திரி காய்க்கிற கொல்லாமரங்களும் பனைகளும் உடைமுள் மரங்களும் காற்றில் பேயாட்டம் ஆடின, குன்றுகளின் உச்சியிலிருந்து சிவப்பு மணல் புகையாக எழுந்து, சாலையைக் குறுக்கே கடந்து, மறுபக்கத்துக் காட்டுக்குள் சரசரவென்று ஓடி மறைந்தது. பற்களுக்கிடையில் மணல் நறநறத்தது. காய்ந்த கொல்லா இலையின் வாடைக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அது. அது காற்று வருகிற பக்கமிருந்து வராமல் பின்னாலிருந்து வந்தது.

"வாரேன்."

சுதா இன்னும் கேட்கவே இல்லை.

"என்ன, ரொம்ப உற்சாகமா இருக்கு?" என்றாள். சக்கரம் மணலை நெரிக்கிற சத்தம் மட்டும் ஒரே சீராக, ஒரு கை தூரத்தில் வந்துகொண்டிருந்தது.

மணி எட்டரை. வெயில் முதுகில் விழுந்தது. அவளுடைய நிழல் முன்சக்கரத்துக்கு அப்பால் நீண்டு, தலைக்கவசமும் தோள்களுமாகச் சாலையில் ஓடியது. அவள் அதையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எது சரியில்லை என்று புரிந்தது. வெயில் பின்னால் இருக்கிறது. ஒட்டி வருகிறவனின் நிழலும் பக்கத்தில் ஓட வேண்டும். சாலையில் ஒரே நிழல்தான் ஓடியது.

அப்போது கைபேசி அடித்தது. சுதா நிறுத்தி ஒரு காலை மணலில் ஊன்றினாள். பின்னால் அந்தச் சக்கரமும் நின்றது. திரையில் ரெனிஷ் என்று இருந்தது.

"ஏளா, எங்கன நிக்க?"

அவன் குரலுக்குப் பின்னால் மின்விசிறி கிறீச்சிட்டது. அது அவர்கள் படுக்கையறை மின்விசிறி.

"நீங்க எங்கன இருக்கிய?"

"வீட்லதான். குறும்பூர் வழியா வந்து அரை மணி நேரமாச்சு."

"எம் பின்னாலதான வந்தியோ?"

"என்ன பேசுத? ஆத்தூர் வெத்தலக்கொடிக்காலு பக்கத்துல, வாரேன்னு சொல்லிட்டுத்தானே திரும்பினேன். நீயும் கைய ஆட்டுன."

கையை ஆட்டியது உண்மை. சாலையில் குழி இருக்கிறது என்று காட்டினாள். இந்த ஊரில் கிளம்புகிறவர் யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள், வாய்க்கு ஆகாத சொல் அது. போகிறவரும் வாரேன்தான், வருகிறவரும் வாரேன்தான். அவன் விடைபெற்றதை, அவன் தொடர்ந்து வருவதாக இவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். ஆத்தூரிலிருந்து இங்கே வரைக்கும் எத்தனை தடவை கேட்டிருப்பாள்? இருபது? முப்பது? ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது.

"சுதா, பாப்பாக்கு நூத்திரண்டு இருக்கு. ஒன்னையத்தான் கேட்டு..."

தொடர்பு அறுந்தது.

காற்று ஒரு நொடி நின்றது. பின்னால், சுழன்றுகொண்டிருந்த சக்கரம் ஒன்று டிக், டிக், டிக் என்று மெதுவாகி ஓய்ந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. ஏறி மிதித்தாள். பிள்ளையிடம் போக வேண்டும், அவ்வளவுதான். மேடு. பள்ளம். மறுபடி மேடு. பின்னால் அதே சீரான நெரிசல்.

"வாரியளா?"

இந்தத் தடவை அது கேட்டது. சுதாவின் குரலில் கேட்டது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வாரியளா?"

பதில் சொல்லாதே. மிதி. எண்ணு. நூறு, நூற்றொன்று. கேள்வி அவள் வகுப்பில் கேட்கிற தொனிக்கு மாறியது, பதில் தெரியாத பிள்ளையை நிற்கவைத்துக் கேட்பாளே, அந்தத் தொனி. சட்டைக் காலருக்கு மேலே கழுத்தில் அந்தப் பூட்டிய அறையின் வாடை பட்டது. நூற்று நாற்பது. வாயில் ரத்தம் கரித்தது.

பனைகளுக்கு மேலே மெஞ்ஞானபுரத்துத் தேவாலயக் கோபுரம் தெரிந்தது. மணல் குறைந்தது. தார் கறுத்தது. ஒரு வீடு, தெருக்குழாயில் குடத்தோடு ஒரு பெண். பின்னால் சக்கரச் சத்தம் இல்லை. தேரியின் விளிம்பிலேயே அது நின்றுவிட்டிருந்தது. சுதா ஓரமாக நிறுத்திக் கைப்பிடியில் நெற்றியை வைத்து அழுதாள். தப்பித்துவிட்டோம், ஆண்டவரே, தப்பித்துவிட்டோம்.

கைபேசி மறுபடி அடித்தது.

"எங்கன இருக்க? பாப்பா அழுதா. சீக்கிரம் வா."

"இந்தா, வாரேன்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த பதிலைச் சத்தமாகவே சொல்லியிருந்தாள்.

தேரிக்குள் ஏதோ புறப்பட்டது. ஒரு சக்கரம் அவள் முழங்கையை உரசிக்கொண்டு முன்னால் போனது. ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. சாலை காலி.

பதறி ஏறி மிதித்தாள். பனைகள் வளைந்து ஆடின. குடத்துக்காரியின் சேலை படபடத்தது. சுதாவின் முகத்தில் மட்டும் காற்று படவில்லை. சைக்கிள் ஓட்டுகிற யாருக்கும் அது தெரியும், முன்னால் ஒருவர் போனால்தான் அப்படி இருக்கும். கறுத்த தாரில் சிவப்பு மணலால் ஒரு கோடு அவளுக்கு முன்னே நீண்டுகொண்டே போனது. முந்தப் பார்த்தாள். முடியவில்லை. எவ்வளவு மிதித்தாலும் அதே இடைவெளி.

முன்னாலிருந்து அவள் குரல் கேட்டது.

"வாரியளா?"

"வாரேன்" என்றது அவள் வாய்.

இரைக்கவில்லை.

வீட்டு வாசலில் அவளுடைய சைக்கிள் ஏற்கெனவே சாத்தியிருந்தது. தான் எப்போது இறங்கினோம் என்று அவளுக்கு ஞாபகம் இல்லை. கதவு திறந்திருந்தது. கூடத்தைக் கடந்து படுக்கையறை வாசலில் போய் நின்றாள்.

கட்டிலில் ஒருத்தி இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். சுதாவின் மஞ்சள் சட்டை. சுதாவின் பின்னல். ஜெப்ஸியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். விரல்கள் கறுத்து, புறங்கை மட்டும் கையுறை மறைத்த அளவுக்கு வெளுத்திருந்தது. காய்ச்சலில் சிவந்த பிள்ளையின் முகம் அந்தத் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்தது. வாய் கோணியது.

"அம்மா, அங்கன யாரோ நிக்காவ."

"ஒன்னும் இல்ல பாப்பா" என்றாள் அவள், திரும்பாமல். "நீ தூங்கு."

பிள்ளை இன்னும் இறுக்கமாக அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுதா கைகளை நீட்டினாள். பாப்பா, நான்தான் என்று சொன்னாள். சரசரவென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

ரெனிஷ் அடுக்களையிலிருந்து ஈரத்துணியோடு வந்தான். அவளைப் பார்க்காமல் அவளைத் தாண்டிப் போய்த் துணியைக் கட்டிலில் இருந்தவளிடம் கொடுத்தான். பிறகு வாசலில் கிடந்ததைப் பார்த்துச் சலித்துக்கொண்டான்.

"ஏளா, தேரி மணல் பூராத்தையும் வீட்டுக்குக் கொண்டாந்துட்டியே."

கதவு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்துப் பெருக்கத் தொடங்கினான். முதல் வீச்சில் சுதாவின் பாதங்கள் போயின. வலித்தது. கத்தினாள். இரண்டாவது வீச்சில் கணுக்கால்கள் சிவப்பாகச் சரிந்து தரையில் பரவின. அவன் குனிந்து, பிள்ளை தூங்கட்டும் என்று சத்தம் வராமல், மூலை முடுக்கெல்லாம் பொறுமையாகக் கூட்டிக் குவித்தான். அவள் முழங்கால் வரை குறைந்து நின்றாள். ஜெப்ஸி அந்தத் தோளுக்கு மேலே கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ரெனிஷ் முறம் எடுக்கப் போனான்.