தெளிந்த குரல்

தம்பியின் குரல் திடீரென்று தெளிந்துபோனது அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவசர சிகிச்சைப் பிரிவில் அவள் பார்க்காத தீக்காயம் இல்லை. மூடிய கிடங்குக்குள் தீயில் மாட்டியவன், புருவம் பொசுங்கி, மூக்குக்குள் கரி அப்பி, கரகரத்த குரலோடு வந்தால் உள்ளே தொண்டை வீங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். வீக்கம் மூச்சுவழியை அடைப்பதற்குள் ட்யூப் போட்டுவிட வேண்டும். பேசுகிறானே, நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கக் கூடாது. ஜூனியர்களிடம் தொண்டை வறளச் சொன்னவள், சொந்தத் தம்பிக்குக் காத்திருந்தாள்.

"ட்யூப் போட்டா பேச முடியாதாக்கா?" என்று கேட்டிருந்தான்.

"வீக்கம் வடியற வரைக்கும் முடியாதுடா."

"என் பொண்டாட்டிக்கு இனிமேதான் நிம்மதி." சிரிக்கப் பார்த்து இருமினான். எச்சில் கறுப்பாக வந்தது. "பாப்பாகிட்ட ரெண்டு வார்த்தை பேசிடறேன். தனியா பயந்துட்டு இருப்பா."

அவன் மனைவி செய்தி கேட்டு மருத்துவமனைக்குக் கிளம்பியிருந்தாள். குழந்தை வீட்டுக்குள் தாழ்போட்டுக்கொண்டு தனியாக இருந்தது. மனசு கேட்காமல் அக்கா தன் செல்லில் வீட்டை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவன் தலையணையில் வைத்தாள்.

பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியாக மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. பொசுங்கிய முடியின் நாற்றமும் மருந்து நெடியும் கலந்து நாக்கில் ஒட்டின. ஆக்ஸிஜன் சீறும் சத்தத்துக்கு நடுவே அவன் மகளைச் சமாதானப்படுத்தும் குரல் தேய்ந்து தேய்ந்து காற்றாகிக்கொண்டே வந்தது. அவள் ட்யூபை எடுக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் குரல் தெளிந்தது. காலையில் குளித்துவிட்டு வந்தவன் பேசுவதுபோல இருந்தது.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்லடா கண்ணு. அப்பா நல்லாத்தான் இருக்கேன்."

"பரவால்ல டாக்டர், குரல் சரியாயிடுச்சு," என்றார் சிஸ்டர்.

இந்த வீக்கம் இப்படி வடியாது. திரும்பி வந்து அவன் முகத்திலிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைத் தூக்கினாள்.

உதடுகள் தடித்து உப்பியிருந்தன. நாக்கு வாயை அடைத்துக்கொண்டு நின்றது. எதுவும் அசையவில்லை. கண்கள் மட்டும் அவளைப் பார்த்துக் கெஞ்சின.

"பயப்படாத கண்ணு," என்றது தம்பியின் குரல்.

சிஸ்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. மானிட்டர் அலறத் தொடங்கியது. ஆக்ஸிஜன் இறங்கியது. கண்கள் செருகின. நாக்கை ஒதுக்கி, வெளிச்சம் காட்டி, உள்ளே பார்த்தாள். வழி இல்லை. வெறும் சிவந்த சதை. இன்னொரு முறை பார்த்தாள். இல்லை.

"கத்தி கொடுங்க. கழுத்துல போட்டுடலாம்."

தொண்டைக் குருத்தெலும்புக்குக் கீழே பள்ளத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்தாள். கீறினாள். ரத்தம். ட்யூபை உள்ளே செலுத்தினாள். காற்று போயிற்று. நெஞ்சு எழும்பியது. எண்கள் மெல்ல ஏறின. அவன் கண்ணைத் திறந்தான்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி மூச்சு கழுத்து வழியாகத்தான். குரல்நாண் வரைக்கும் காற்று போகாது. அவனால் முனகக்கூட முடியாது.

"கதவத் திறடா கண்ணு."

குரல் செல்லிலிருந்து வந்தது. அவனுக்கும் கேட்டது. அவன் உடம்பு விறைத்தது.

"அத்தை," என்றாள் குழந்தை சந்தோஷமாக, "அப்பா வீட்டுக்கே வந்துட்டாரு. ரொம்ப நேரமா கதவுக்கு வெளிய நின்னுதான் பேசறாரு. போன வச்சிடவா?"

"திறக்காதடி! அது அப்பா இல்ல! அப்பா இங்க இருக்காரு!"

"பொய் சொல்லாதீங்க அத்தை. அப்பா குரல் எனக்குத் தெரியாதா?" நாற்காலி இழுபடும் சத்தம். "அங்க இருந்தா பேசச் சொல்லுங்க பாக்கலாம்."

செல்லை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் கழுத்து நரம்பு புடைக்க, கட்டில் அதிர, உடம்பின் மொத்த பலத்தோடும் மகளை நோக்கிக் கத்தினான்.

ட்யூபின் நுனியில் காற்று சீறியது. அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் தாழ்ப்பாள் விலகியது.